கேள்வி – பதில்: குளிர் நாட்டுத் தரவு மையங்களும் வேலூர் வெயிலும்

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, அயர்லாந்து நாடுகளில் தரவு மையங்கள் (இணையத் தகவல்களைச் சேமித்துக் கையாளும் சர்வர் கணினிகள் நிறைந்த கட்டடங்கள்) பெருகிவருவதையும், அங்குள்ள மக்கள் அதை இரண்டு மனதாகப் பார்ப்பதையும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். கணக்குகளுக்கெல்லாம் 10 மெகாவாட் சர்வர் சுமை கொண்ட ஒரு நடுத்தர மையத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வாசகர், சத்துவாச்சாரி: எங்கள் ஊரை வெயிலூர் என்றே சொல்வார்கள். குளிர் நாட்டில் வைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? பத்து, இருபது சதவீதமா?

சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 10 மெகாவாட் உள்ளே போனால் 10 மெகாவாட் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கு ஆகும் கூடுதல் மின்சாரத்தை ‘பி.யூ.இ.’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். மையம் இழுக்கும் மொத்த மின்சாரத்தைச் சர்வர் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. நம்மைப் போன்ற வெப்ப ஊர்களில் 1.5-ஐ ஒட்டி இருக்கும். ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் ஸ்வீடனின் லூலியோ நகரில் திறந்த மையம் 1.1-க்கும் கீழே ஓடுகிறது. கம்ப்ரஸருக்கு அங்கே வேலையே இல்லை, வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் போதும்.

1.5-க்கும் 1.1-க்கும் உள்ள இடைவெளி நம் 10 மெகாவாட் மையத்தில் 4 மெகாவாட். ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 3.5 கோடி யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடுகள் 14,600-க்கு ஓராண்டு போதும். ஆகவே மிச்சம் சிறியதல்ல.

ஆனால் குளிர்காற்றைச் சும்மா திறந்துவிடவும் முடியாது. 10 மெகாவாட் சூட்டை 12 டிகிரி ஏற்றத்தில் வெளியே கொண்டுபோக, விநாடிக்குச் சுமார் 690 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். மைனஸ் 20 டிகிரிக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதையே 20 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்போது நிலைமின்சாரம் சேர்ந்து சர்க்யூட்டுகளைப் பொசுக்கும். அதனால் சர்வரிலிருந்து வரும் சூட்டுக்காற்றில் ஒரு பகுதியைத் திருப்பி, வெளிக்காற்றோடு கலந்துதான் உள்ளே விடுகிறார்கள். இந்தக் கலவையைத் தவறாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிரைன்வில் ஊரில் உள்ள ஃபேஸ்புக் மையம் சாட்சி. 2011-இல் கட்டுப்பாட்டு அமைப்பு பிசகி, ஈரம் மிகுந்த காற்று உள்ளே சுழன்று, கட்டடத்துக்குள்ளேயே மேகம் போல் திரண்டு சர்வர்கள் மேல் நீர் சொட்டியது.

வாசகி, குடியாத்தம்: குளிர் இலவசம், மின்சாரமும் நீர்மின்சாரம். பிறகு அந்த ஊர் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? வசதி அதிகமானதால் வந்த மறுப்பா?

அப்படி நினைக்க வேண்டாம். குளிர் இலவசம்தான், ஆனால் மின்கம்பி இலவசமில்லை. அங்கே சண்டை பெரும்பாலும் சூட்டைப் பற்றியது அல்ல, ‘இருக்கிற மின்சாரம் யாருக்கு’ என்பதைப் பற்றியது.

அயர்லாந்தில் 2015-இல் நாட்டின் மின் நுகர்வில் தரவு மையங்களின் பங்கு 5 சதவீதம். 2023-இல் 21 சதவீதம். அதே ஆண்டு நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து 18 சதவீதம்தான். நகரத்து வீடுகள் எல்லாவற்றையும் விடச் சர்வர்கள் அதிகம் தின்கின்றன என்று அரசின் புள்ளிவிவரத் துறையே சொன்ன பிறகு, மக்கள் பேச்சின் தொனியே மாறிவிட்டது. டப்ளின் வட்டாரத்தில் புதிய மையங்களுக்கு மின் இணைப்பு தருவதை மின்கட்டமைப்பு நிறுவனம் கிட்டத்தட்ட நிறுத்தியே வைத்தது.

நார்வேயில் 2023-இல் நடந்தது இன்னும் கூர்மையானது. உக்ரைன் போருக்காகக் குண்டுகள் தயாரிக்கும் நாம்மோ நிறுவனம் தன் ஆலையை விரிவாக்க மின்சாரம் கேட்டது. அந்தப் பகுதியின் உபரி மின்சாரம் ஹாமார் ஊரில் வரும் டிக்டாக் மையத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. பூனை வீடியோக்களைச் சேமிப்பதால் எங்கள் வளர்ச்சி தடைப்படுகிறது என்று அதன் தலைவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். முதலில் வந்தவருக்கு முதலில் மின்சாரம் என்ற முறை சரியா என்று அந்த நாடே விவாதித்தது. சரியில்லை என்பதே எங்கள் கருத்தும். மின் இணைப்பு வரிசையில் யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று பார்க்காமல் டோக்கன் கொடுப்பது பொதுச்சொத்தைப் பங்கிடும் முறையல்ல.

வரியிலும் இதே கதைதான். தரவு மையங்களை ஈர்க்க, தொழிற்சாலைகளுக்கு நிகரான மிகக் குறைந்த மின்வரியை ஸ்வீடன் 2017-இல் அவற்றுக்கும் கொடுத்தது. 2023 ஜூலையில் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. ஐஸ்லாந்தில் 2021 டிசம்பரில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, தேசிய மின்நிறுவனம் பிட்காயின் என்ற மின்நாணயத்தை உருவாக்கும் புதிய மையங்களுக்கு மின்சாரம் தர மறுத்தது. நீர்மின்சாரம் மழையையும் பனியையும் நம்பியது. அணை வற்றினால் என்ன ஆகும் என்று பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தின் ஆதென்ரை ஊரில் 2015-இல் ஆப்பிள் நிறுவனம் 85 கோடி யூரோ மையம் ஒன்றை அறிவித்தது. சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஊர் மக்களில் பலரோ மையம் வேண்டும் என்று பேரணி நடத்தினார்கள். மூன்றாண்டு இழுபறிக்குப் பிறகு 2018-இல் ஆப்பிள் விலகிக்கொண்டது. மக்கள் கருத்து என்பது ஒரே குரலாக இருப்பதில்லை.

வாசகர், வாணியம்பாடி: வேலை கிடைக்குமா?

கட்டும்போது நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில். கட்டி முடித்த பிறகு மிகக் குறைவு. ஆதென்ரை திட்டத்தில் சொல்லப்பட்ட நிரந்தர வேலைகள் 150. அதே மின்சாரத்தில் ஓடும் ஒரு ஷூ தொழிற்சாலையோடு ஒப்பிட்டால் தலைக்கு எத்தனை யூனிட் என்பது உங்களுக்கே புரியும். காவல், மின்பராமரிப்பு, ஏ.சி. மெக்கானிக் வேலைகள் உள்ளூர்க்காரர்களுக்கு வரும். ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு நல்ல வாய்ப்புதான், எண்ணிக்கைதான் சிறியது.

வாசகர், ஆம்பூர்: சர்வர் சூட்டில் வீடுகளைச் சூடாக்குகிறார்களாமே. அது விளம்பரமா, உண்மையா? நம் ஊரில் எதற்காவது உதவுமா?

உண்மை. ஆனால் எளிதல்ல. சர்வரிலிருந்து வரும் காற்று 30 முதல் 40 டிகிரி வரைதான் இருக்கும். அங்கே வீடுகளைச் சூடாக்க ஊர் முழுக்கக் குழாயில் ஓடும் வெந்நீரோ 70 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், கடும் குளிரில் அதற்கும் மேல். நடுவே வெப்பப் பம்பு வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறம் சுடுகிறதே, அதே வேலைதான், அளவு பெரிது. நம் 10 மெகாவாட் சூட்டை 75 டிகிரிக்கு ஏற்ற, சுமார் 4 மெகாவாட் மின்சாரம் இழுத்து 14 மெகாவாட் வெப்பமாகத் தரும். குளிரால் மிச்சம் பிடித்த 4 மெகாவாட் இங்கே திரும்பச் செலவாகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அந்த 14 மெகாவாட்டுக்கு எரிக்க வேண்டிய கரியும் எரிவாயுவும் மிச்சம்.

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் ஃபேஸ்புக் மையத்தின் வெப்பம் ஊர்க்குழாயில் சேர்கிறது. சுமார் 6,900 வீடுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டுத் தொடங்கினார்கள். பின்லாந்தின் ஹாமினாவில், தன் மையத்து வெப்பத்தை ஊருக்கு இலவசமாகத் தருவதாகவும், ஊர்க்குழாயின் ஆண்டுத் தேவையில் 80 சதவீதத்தை அது ஈடுகட்டும் என்றும் கூகுள் 2024-இல் அறிவித்தது. எஸ்போ, கிர்க்கொனும்மி பகுதியில் மைக்ரோசாஃப்ட், ஃபோர்ட்டும் நிறுவனங்களின் திட்டம் இன்னும் பெரியது, சுமார் 2,50,000 பேருக்கு வெப்பம் தரும் குழாய்த்தொடரில் 40 சதவீதம். வெப்பம் வீட்டுக்கு வந்த ஊர்களில் எதிர்ப்பு தணிந்திருப்பதைப் பார்க்கிறோம். தெருவில் போகும் குழாய் சூடாக இருப்பதை எல்லோரும் அறிவார்கள். ‘மேகக் கணினி’ யார் கண்ணிலும் படாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் விதி கொண்டுவந்தது. 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மையம் தன் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும், முடியாதென்றால் ஏன் முடியாது என்று காட்ட வேண்டும்.

குறையும் இருக்கிறது. கோடையில் யாருக்கும் வெப்பம் தேவைப்படாது, மையமோ பன்னிரண்டு மாதமும் சூடு கக்கும். ஊர்க்குழாய் இல்லாத இடத்தில் மையம் கட்டிவிட்டு ‘வெப்பம் தரத் தயார்’ என்று சொல்வதும் நடக்கிறது. குழாய் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வெப்பப் பம்புக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று கேட்டால் திட்டத்தின் உண்மை வெளிப்படும்.

நம் ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலுக்குச் சாயமேற்றும் டிரம்களுக்கு 50, 60 டிகிரி வெந்நீர் தினமும் வேண்டும். இப்போது பாய்லரில் விறகோ எண்ணெயோ எரிக்கிறார்கள். சிப்பின் மேலேயே தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் புதுவகைச் சர்வர்களில் திரும்பி வரும் நீர் 45 டிகிரி வரை இருக்கும். அதை வெப்ப மாற்றி வழியாக விட்டு, பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடேற்றலாம். 28 டிகிரி நீரை 42-க்குக் கொண்டுபோனால், 60-க்கு ஏற்றும் எரிபொருளில் ஏறத்தாழ 44 சதவீதம் குறையும். தோல் ஆலையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் மையம் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

மாணவி, காட்பாடி: நம் தரவு முழுவதையும் பின்லாந்துக்கு அனுப்பிவிட்டால் என்ன?

இரண்டு தடைகள். முதலாவது தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். காட்பாடியிலிருந்து சென்னை போய்த் திரும்ப 2 மில்லிவிநாடிக்குள் ஆகும். பின்லாந்து என்றால் கடலடி கேபிள் சுற்றிப் போவதால் போக 12,000, வர 12,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டாலே 120 மில்லிவிநாடி, நடைமுறையில் இன்னும் அதிகம். பழைய போட்டோவைச் சேமிக்க இது பொருட்டல்ல. வீடியோ அழைப்பிலும் ஆன்லைன் விளையாட்டிலும் தெரியும்.

இரண்டாவது சட்டம். பணப்பரிமாற்றத் தரவுகளை இந்தியாவில்தான் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. நீங்கள் கடையில் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு யு.பி.ஐ. கணக்கும் இங்கேயேதான் இருக்க வேண்டும். அவசரமில்லாத வேலையை, உதாரணமாகச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி தருவதை, குளிர் நாட்டுக்கு அனுப்பலாம். அதைத்தான் செய்கிறார்கள்.

வாசகர், வாலாஜாபேட்டை: கடல்நீரால் குளிர்விப்பது எப்படி? உப்பு அரிக்காதா?

அரிக்கும். அதனால் கடல்நீரைச் சர்வர் பக்கமே விடுவதில்லை. பின்லாந்தின் ஹாமினா மையம் முன்பு ஒரு காகித ஆலை, பிறகு மூடப்பட்டது. 2009-இல் கூகுள் அதை வாங்கியபோது, ஆலைக்காக வெட்டிய கடல்நீர்ச் சுரங்கம் பயன்படும் நிலையில் இருந்தது. கடல்நீர் ஒரு பக்கம், மையத்தின் நன்னீர் மறுபக்கம், நடுவே உலோகத் தகடுகள். சூடு மட்டும் தாண்டும். இவ்வகை வேலைக்கு அரிப்பைத் தாங்கும் டைட்டானியம் தகடுகளே ஏற்றவை. சிப்பியும் பாசியும் ஒட்டி ஓட்டத்தை அடைப்பதுதான் அடிக்கடி வரும் தொல்லை. வடிகட்டியையும் தகடுகளையும் முறை வைத்துக் கழுவ வேண்டும். சூடான நீரை அப்படியே கடலில் விடாமல், புதிய கடல்நீரோடு கலந்து ஆற்றிய பிறகே விடுகிறார்கள்.

விவசாயி, ராணிப்பேட்டை: இங்கே ஒன்று வந்தால் எங்கள் கிணற்றுக்கு என்ன ஆகும்? இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும்.

நேராகவே சொல்கிறோம். நீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் கூலிங் டவர் வைத்தால் தண்ணீர் போகும், நிறையப் போகும்.

ஒரு யூனிட் சூட்டை ஆவியாக்கி வெளியேற்றச் சுமார் 1.5 லிட்டர் நீர் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. 10 மெகாவாட் என்றால் மணிக்கு 15,000 லிட்டர், நாளுக்கு 3.6 லட்சம் லிட்டர் ஆவியாகப் போகும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். அதனால் ஒரு பகுதி நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். நல்ல நீர் என்றால் உப்பு நான்கு மடங்காகும் வரை சுற்ற விடலாம், வடிப்பு 1.2 லட்சம் லிட்டர். மொத்தம் 4.8 லட்சம், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் 40. பாலாற்றங்கரையில் பல இடங்களில் போர் நீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,500-ஐத் தொடும். அந்த நீரை இரண்டு மடங்குக்கு மேல் சுற்ற விட்டால் குழாயில் உப்புப் படியும். அப்போது வடிப்பும் 3.6 லட்சம் ஆகிவிடும். மொத்தம் 7.2 லட்சம் லிட்டர், 60 டேங்கர். உப்பு நீர் உள்ள ஊரில் அதே மையம் ஒன்றரை மடங்கு தண்ணீர் குடிக்கும், வடித்துவிடும் உப்பு நீரும் மூன்று மடங்காகும். இந்த வட்டாரத்து மண்ணுக்கு உப்பு நீர் என்ன செய்திருக்கிறது என்பதை உங்களிடம் நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நீரே வேண்டாம் என்று காற்றால் குளிரும் சில்லர் (பெரிய ஏ.சி. போன்ற குளிர்விப்பு எந்திரம்) வைக்கலாம். 42 டிகிரி மே மாதத்தில் அதன் கம்ப்ரஸர் மிகவும் திணறும், மின்செலவு ஏறும். இடைவழியும் உண்டு. வீட்டு ஏர் கூலர் போல, வறண்ட மாதங்களில் மட்டும் நீர் தெளித்துக் குளிர்விப்பது. மே மாதத்தில் 42 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் நீர் தெளித்த காற்று 26 டிகிரியை நெருங்கும். அக்டோபர் மழையில் 30 டிகிரி, ஈரப்பதம் 90 என்றால் 28-க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஏர் கூலர் ஐப்பசியில் உதவாத அதே காரணம்தான்.

நியாயமான வழி, நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆர்.ஓ. செய்து கொடுப்பது. சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் இப்படித் தயாரித்துத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறது. நிலத்தடி நீரைத் தொட விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தோல் ஆலைக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடாது என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் தொடங்குபவரையே சேரும் என்றது அத்தீர்ப்பு. இந்த மண்ணிலிருந்து போன வழக்கு அது. தண்ணீர்க் கணக்கைக் கேட்க உங்களை விட உரிமையுள்ளவர் யாருமில்லை.

வாசகி, ஆற்காடு: சத்தம் வருமா?

வரும், இரவிலும் நிற்காது. நார்வேயின் ஸ்டோக்மார்க்னஸ் ஊரில் பிட்காயின் மையத்து மின்விசிறி இரைச்சலுக்கு எதிராக மக்கள் பல ஆண்டு போராடினார்கள். 2024 செப்டம்பரில் அது மூடப்பட்டது. உள்ளூர் மின்விநியோக நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த மையத்திலிருந்துதான் வந்திருந்தது. அது போனதும் மீதிப் பேரின் கட்டணம் சுமார் 20 சதவீதம் ஏறியது. நிம்மதியும் வந்தது, பில்லும் வந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கம்பி இழுத்தால் நேரும் சிக்கல் இது.

அளவு சொல்கிறோம். 10 மீட்டரில் 80 டெசிபல் என்றால், தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். நம் சட்டப்படி குடியிருப்பில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அனுமதி. அதற்கு இறங்க 560 மீட்டர் வேண்டும். விசிறிகள் நீள வரிசையாக இருந்தால் 6 டெசிபலும் கிடைக்காது, 3 தான். எளிய மருந்து, பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் இரைச்சல் சுமார் 5 டெசிபல் இறங்கும், விசிறியின் மின்செலவு பாதியாகும்.

ஊராட்சி உறுப்பினர், பேரணாம்பட்டு: எங்கள் பகுதிக்குத் திட்டம் வந்தால் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. யாராவது வந்து கருத்துக் கேட்பார்கள் என்று காத்திருந்தால் அடித்தளம் போட்டுவிடுவார்கள். கிராம சபையில் நீங்களே தீர்மானமாக வையுங்கள்.

நெதர்லாந்தின் ஜேவோல்ட ஊராட்சி 166 ஹெக்டேரில் ஃபேஸ்புக் மையத்துக்கு 2021 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. 2022 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் அதை எதிர்த்த கட்சி வென்றது, திட்டம் கைவிடப்பட்டது. அங்கே மக்களின் கோபம் மையத்தின் மீது மட்டுமல்ல, பேச்சு முடிந்த பிறகு தங்களுக்குத் தெரிந்ததன் மீதும்தான்.

கேட்க வேண்டியவை: உச்ச கோடையில் ஒரு நாளின் தண்ணீர் எத்தனை லிட்டர் (ஆண்டுச் சராசரியைச் சொன்னால் ஏற்காதீர்கள்), எங்கிருந்து, வடிப்பு நீர் எங்கே போகும். துணைமின் நிலையத்தில் எத்தனை மெகாவாட் ஒதுக்கீடு, அதற்குப் பிறகு விவசாய இணைப்புக்கு மிச்சம் எவ்வளவு. ஜெனரேட்டர்கள் எத்தனை, டீசல் எவ்வளவு இருப்பு. 10 மெகாவாட்டுக்கு மணிக்குச் சுமார் 2,600 லிட்டர் எரியும். 48 மணி நேர இருப்பு என்றால் 1.25 லட்சம் லிட்டர் எரிபொருள் உங்கள் ஊரில் நிற்கும். சோதனை ஓட்டம் மாதத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், பள்ளித் தேர்வு நேரத்தில் ஓட்டாதபடி.

பள்ளி அலுவலர், வேலூர்: எங்கள் சர்வர் அறையில் 16 டிகிரியில் ஏ.சி. ஓடுகிறது. குளிர் நாடு போல வைத்தால்தான் பாதுகாப்பு என்கிறார் சர்வீஸ்காரர்.

தேவையில்லை. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பதே உலகம் ஒப்புக்கொண்ட அளவு. 24-இல் வையுங்கள். தெர்மாமீட்டரைக் கதவருகே தொங்கவிடாமல், சர்வரின் முன்பக்கம் மேல்தட்டில் ஒட்டுங்கள். சூடு அங்கேதான் சேரும். ரேக்கில் (சர்வர் அலமாரியில்) காலியான தட்டுகளைத் தகடு போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கச் சூட்டுக்காற்று முன்னால் சுற்றி வரும். பலர் ஏ.சி. போதவில்லை என்று புலம்புவது இந்த ஓட்டையால்தான்.

4 கிலோவாட் சர்வரும் யு.பி.எஸ். இழப்பும் சேர்த்தால் 4.4 கிலோவாட். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், ஆக 1.25 டன் கணக்கு வரும். மேல்மாடி அறையென்றால் மே மாத வெயிலுக்கு 2 டன் வேண்டும். ஒன்று போதாது, இரண்டு வாங்கி டைமர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஓடும் வகைதானா என்று வாங்கும்போதே சோதியுங்கள். விடுமுறை நாளில் சர்வர் வெந்து போவது பெரும்பாலும் இதனால்தான். வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். வடிகுழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், அது அடைத்தால் நீர் ரேக்கின் மேலேயே சொட்டும்.